பாட்டுக்கென்றே ஓர் அலைவரிசை



காலாண்டு விடுமுறைக்கு முன்பு எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பில் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். "மன்னர்களின் வரலாற்றைப் புத்தகத்தில் படித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒன்றின் வரலாற்றைப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வாருங்கள்" என்றார்கள். ஒருத்தி அம்மிக்கல்லை எடுத்துக்கொண்டாள். ஒருத்தி தன் தாத்தாவின் கட்டுமரத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னாள். குருசுக்குப்பத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் நால்வரும் எழுந்து "பாட்டுச் சானல்" என்றோம். வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அதற்கும் ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? போய்க் கேளுங்கள்" என்றார்கள். கேட்டோம், படித்தோம். அவ்வாறு சேர்த்ததை இம்மலரில் உங்கள் முன் வைக்கிறோம்.

எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடமிருந்துதான் தொடங்கினோம். நாங்கள் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்க, பாட்டி வானொலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். "அது வேண்டாம் பாட்டி" என்றோம். "அது இல்லாமல் இது ஏதடி?" என்றார்கள். பாட்டி சொன்னதே சரி என்பது பிறகு எங்களுக்கு விளங்கியது.

1952-ஆம் ஆண்டு பி. வி. கேஸ்கர் அவர்கள் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். எனவே அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் பெரிதும் குறைந்து, சாஸ்திரிய சங்கீதம் மிகுந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள்! கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்தத் தமிழ் ஒலிபரப்பு, கடற்கரையோரத் தமிழர் வீடுகளில் சொந்த நிலையம் போலவே ஆகிவிட்டது. 1957 அக்டோபரில் நம் அரசே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆயினும் இலங்கை வானொலியின் செல்வாக்கு நெடுநாள் குறையவில்லை. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயரைச் சொன்னதும் பாட்டியின் முகத்தில் வந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலை பின்னுகிற இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்குமாம். நேயர் விருப்பத்தில் தபால் அட்டை எழுதிப் போட்டவர்களின் பெயரையும் ஊரையும் படித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்களாம். தெரிந்த ஊர்ப் பெயர் வந்தால் வலையை விட்டுவிட்டு எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்களாம். பெயரைப் படிக்கும் இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

பாட்டைக் கேட்பதோடு பார்க்கவும் வேண்டும் என்ற ஆசைக்கும் வயது உண்டு. நம் புதுவைக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்ததே. அந்தப் பிரான்சில் 1960-ஆம் ஆண்டு 'ஸ்கோப்பிதோன்' என்று ஒரு பெட்டி வந்தது. காப்பிக் கடைகளில் அதை வைத்திருப்பார்கள். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால், வேண்டிய பாட்டு 16 மில்லிமீட்டர் படச் சுருளில் ஓடும். பாடகரும் சின்னத் திரையில் தோன்றிப் பாடுவார். காசு கொடுத்தால் பாட்டைப் பார்க்கலாம் என்ற கருத்துக்கு இதைப் பாட்டன் எனலாம்.

தொலைக்காட்சி 1959-இல் தில்லிக்கு வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15 அன்றுதான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் 'ஒளியும் ஒலியும்' என்றொரு நிகழ்ச்சி. சில சினிமாப் பாட்டுகள், அவ்வளவே. வாரம் முழுவதும் இதற்காகக் காத்திருப்பார்களாம்! தெருவில் ஓரிரு வீடுகளில்தான் பெட்டி இருக்கும். பெரியவர்கள் உள்ளே பாயில், பிள்ளைகள் வாசற்படியில், அதற்கும் பின்னால் வந்தவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி என்று பாட்டி வரிசையைக்கூடச் சொன்னார்கள். நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற பலகை வந்துவிட்டால் சன்னல் பக்கத்திலிருந்து ஓர் பெருமூச்சு எழுமாம். "வாரத்துக்கு நாலைந்து பாட்டா? அதற்கா இவ்வளவு?" என்று நாங்கள் கேட்டோம். "அதனால்தான் அவ்வளவு" என்றார்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1981 ஆகஸ்டு 1 அன்று நள்ளிரவு தாண்டியதும் எம்டிவி என்ற அலைவரிசை அங்கே பிறந்தது. நாள் முழுவதும் பாட்டு; பாட்டைத் தவிர வேறில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பாடகர்களின் படங்களை எடுத்துக் கொடுக்கும், விளம்பரமாக. அலைவரிசைக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் செலவு குறைவு. இது நல்ல வியாபாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அது கேபிள் வழியாக வருவது. பல ஊர்க் கேபிள்காரர்கள் அதைக் கொடுக்கவே இல்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் முதலில் அது தெரியவில்லை. தொடங்கியவர்களே ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் ஓர் உணவுவிடுதிக்குப் போய்த்தான் தங்கள் முதல் ஒளிபரப்பைப் பார்த்தார்களாம். 1982-இல் ஒரு தந்திரம் செய்தார்கள். புகழ்பெற்ற பாடகர்களைத் திரையில் தோன்றச் செய்து, "உங்கள் கேபிள்காரருக்குத் தொலைபேசியில் பேசி எங்களைக் கேளுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்ல வைத்தார்கள். பிள்ளைகள் விடுவார்களா? கேபிள்காரர்கள் பணிந்தார்கள்.

எம்டிவியின் கதையில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி வேறொன்று. தொடக்க ஆண்டுகளில் அதில் கறுப்பினப் பாடகர்களைக் காண்பது மிக அரிதாக இருந்தது. 1983-இல் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி, அந்த அலைவரிசைக்குக் கொடுத்த பேட்டியிலேயே "ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டார். அதே ஆண்டில்தான் மைக்கேல் ஜாக்சனின் பாட்டுகள் அதில் இடைவிடாது வரத் தொடங்கின. பாட்டு எல்லாருக்கும் பொது என்கிறோம். எந்தப் பாட்டு வெளியே வரவேண்டும் என்று முடிவு செய்பவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதை அறிந்தபின் நம் நாட்டுக் கதையையும் வேறு கண்ணோடு படித்தோம்.

1991-இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது. அதன் அலைவரிசைகளுள் எம்டிவியும் ஒன்று. மொட்டை மாடிகளில் குடை போன்ற வட்டத் தட்டுகள் முளைத்த காலம் அது. 1994-இல் இருவரும் பிரிந்தார்கள்; எம்டிவியின் இடத்தில் ஸ்டார் தன்னுடைய 'சானல் வி'யைத் தொடங்கியது. 1996-இல் எம்டிவி இந்தியாவுக்கெனத் தனியாகத் திரும்பி வந்தது. ஆங்கிலப் பாட்டு இந்தியாவில் அவ்வளவாக விலைபோகாது என்று விரைவில் கண்டுகொண்டு இருவரும் இந்திப் பாட்டுக்கு மாறினார்கள். தமிழ்? தமிழனுக்கும் அங்கே ஓர் இடம் கிடைத்தது என்று சொல்லவேண்டும்! சானல் வியில் 'குவிக் கன் முருகன்' என்றொரு கோமாளி வந்தான். கௌபாய் உடையும் துப்பாக்கியுமாக, தமிழன் பேசும் ஆங்கிலத்தைக் கேலி செய்யும் பாத்திரம். 2009-இல் அது முழுநீளப் படமாகவும் வந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களில் சிலர் அதை இரசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நாங்கள் சுளிக்கும் கட்சி.

தமிழில் தனியார் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவியோடு வந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே ஒளிபரப்பு. அதில் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' என்ற நிகழ்ச்சி பிறகு பெரும்புகழ் பெற்றது. தொலைபேசியில் பேசி விருப்பமான பாட்டைக் கேட்கலாம். நிகழ்ச்சியை நடத்திய உமா அவர்களுக்கு 'பெப்சி உமா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நேயர் விருப்பம் தபால் அட்டையை விட்டுத் தொலைபேசிக்கு வந்தது என்று பாட்டியிடம் சொன்னோம். "அட்டைக்குக் காசு குறைவு" என்றார்கள்.

2000-க்குப் பின் பாட்டுக்கென்றே தென்னாட்டிலும் அலைவரிசைகள் எழுந்தன. சென்னையிலிருந்து எஸ்.எஸ். மியூசிக் வந்தது, தென்னிந்திய மொழிப் பாட்டுகளோடு ஆங்கிலத்தையும் கலந்து கொடுத்தது. புதுப் பாடகர்களைத் தேர்ந்தெடுத்து 'எஸ்5' என்ற குழுவை அது உருவாக்கியது. பின்னாளில் புகழ்பெற்ற பென்னி தயாள் அக்குழுவில் ஒருவர். 2004-இல் சன் மியூசிக் பிறந்தது. இதுதான் எங்கள் வீடுகளில் 'பாட்டுச் சானல்' என்றாலே நினைவுக்கு வருவது. கலைஞர் தொலைக்காட்சிக் குழுமத்தின் இசையருவி 2008-இல் வந்தது. சன் நிறுவனமே தெலுங்கில் ஜெமினி மியூசிக், கன்னடத்தில் உதயா மியூசிக், மலையாளத்தில் சூர்யா மியூசிக் என்று நடத்துகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பாடகருக்கென்று தனிப் படம் எடுப்பார்கள். நம்மிடம் பாட்டு பிறப்பதே சினிமாவில். படமும் கூடவே ஆயத்தமாக இருக்கிறது. ஆகவே நம் பாட்டு அலைவரிசைகள் சினிமாவின் வாசல் முற்றங்களாகவே வளர்ந்தன. 1997-இல் ஏ. ஆர். ரஹ்மான் நாட்டு விடுதலையின் பொன்விழாவுக்கு 'வந்தே மாதரம்' தொகுப்பைச் சினிமா இல்லாமல் படமாக்கி வெளியிட்டது போன்றவை அக்காலத்தில் விதிவிலக்கு.

இனி நாங்கள் சேகரித்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது ஒரு பாட்டு அலைவரிசைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்! அப்போது தாத்தா விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். காற்று சரியில்லாத நாட்கள். மனம் பொறுக்காமல், அப்பாவுக்குப் பிடித்த பாட்டையாவது போடச் சொல்லலாம் என்று தோன்றியதாம். பல நாள் முயன்றும் கிடைக்காத தொடர்பு அன்று கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அந்தப் பக்கம் கேட்ட முதல் சொல் என்ன தெரியுமா? "உங்க டிவி வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க!"

இதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர்கள் கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டினார்கள். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருந்தால்தான் பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றி, நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். நம் தட்டும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். சென்னையிலிருந்து மேலே 36,000, அங்கிருந்து குருசுக்குப்பத்துக்குக் கீழே 36,000, ஆக 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ கால் நொடி. படத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் கருவிகள் இன்னும் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். தொலைபேசியில் நாம் பேசுவது உடனே போய்ச் சேருகிறது. அதே பேச்சு தொலைக்காட்சியில் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதக் குரல் தொலைபேசிக்குள் புகுந்தால் மறுபடி சென்னைக்குப் போய், மறுபடி வானேறி, எதிரொலிமேல் எதிரொலியாகும். பேசுகிறவரும் தம் பழைய குரலைக் கேட்டுத் தடுமாறிப்போவார். பதினைந்து கிலோமீட்டரில் உள்ள ஊருக்குப் போவதுபோல் சாதாரணமாக ஒரு பாட்டு 72,000 கிலோமீட்டர் பயணம் செய்து நம் கூடத்துக்கு வருகிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மாவின் கதைக்கு வருவோம். சத்தத்தைக் குறைத்தார். பெயரைச் சொன்னார். ஊர் குருசுக்குப்பம் என்றார். தொகுப்பாளர் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாமல் 'குறிஞ்சிக்குப்பம்' என்று சொல்லிவிட்டார்! "அப்பா கடலில் இருக்கிறார், அவருக்காக" என்று அம்மா சொன்னதும் பாட்டு வந்தது. படகில் தொலைக்காட்சி ஏது? தாத்தா அதைப் பார்க்கவில்லை. ஆனால் வைத்திக்குப்பத்திலிருந்த உறவினர்கூடப் பார்த்துவிட்டார். தாத்தா கரை சேர்ந்தபோது அவர் காலை நனைத்த முதல் செய்தியே அதுதானாம். அந்த மாதத் தொலைபேசிக் கட்டணம் வந்தபோது பாட்டி போட்ட சத்தம் தனிக் கதை. அதுவும் போகட்டும். மறுநாள் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒருவன், "நேற்று டிவியில் பேசியது நீதானே?" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். அதன்பின் அம்மா ஒருநாளும் பேசவில்லை. "பெயரைச் சொல்வது தப்பில்லை; ஊரையும் சேர்த்துச் சொன்னதுதான் தப்பு" என்று இப்போது எங்களிடம் சொல்கிறார். இலங்கை வானொலியில் பெயர் படிக்கப்பட்டபோது பாட்டியின் காலத்தவர் பெருமைப்பட்டார்கள். முகமும் குரலும் சேர்ந்து வரும் காலத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஊர் தாண்டிப் போவது வேறாகிவிட்டது. செல்பேசி வைத்திருக்கும் நம் மூத்த மாணவியர் இதை எங்களைவிட நன்கு அறிவார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இலவசமாய் வரும் அலைவரிசைகள் ஒருவகை. சந்தா கட்டினால்தான் தெரியும் கட்டண அலைவரிசைகள் இன்னொருவகை. முன்பெல்லாம் கேபிள்காரர் மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே கம்பியில் அனுப்பிவிடுவார். எத்தனை வீட்டுக்குக் கொடுக்கிறார் என்பதை வெளியார் எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆயிரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இருநூறு என்று கணக்குச் சொன்னாலும் கேட்பாரில்லை. இதனால் நிறுவனங்களுக்கும் கேபிள்காரர்களுக்கும் ஓயாத சச்சரவு. இதைத் தீர்க்கவே செட்டாப் பாக்ஸ் வந்தது. படத்தைக் கலைத்துப் பூட்டி அனுப்புவார்கள். சந்தா கட்டியவரின் பெட்டியிலுள்ள சாவி மட்டும் அதைத் திறக்கும். நாட்டிலேயே முதலில் 2003 செப்டம்பரில் சென்னையில்தான் இம்முறை நடைமுறைக்கு வந்தது. பிறகு வீட்டுக்கு நேரே தட்டு வைக்கும் சேவைகள் வந்தன. 2007-இல் சன் டைரக்ட் வந்தது.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புது விதியைச் செயற்படுத்தியது. ஒவ்வொரு கட்டண அலைவரிசைக்கும் தனி விலை அறிவிக்கவேண்டும். வேண்டியதை மட்டும் வாங்கலாம். அடிப்படைக் கட்டணம் நூறு அலைவரிசைகளுக்கு அப்போது 130 ரூபாய், வரி தனி. எங்களுள் ஒருத்தியின் வீட்டில் அன்று நடந்ததை அவள் மறக்கவில்லை. அப்பா பட்டியலும் பேனாவுமாகக் கூடத்தில் உட்கார்ந்தார். பாட்டிக்குத் தொடர் நாடகம், அண்ணனுக்குக் கிரிக்கெட், தம்பிக்குப் பொம்மைப்படம் என்று எழுதிக் கூட்டினார். தொகை ஏறிவிட்டது. எதை அடிப்பது? "பாட்டு சும்மாதானே, ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம்" என்று பாட்டுச் சானலை அடித்துவிட்டார். சமையலறையிலிருந்த அம்மா வெளியே வந்து, "நாள் முழுக்க வேலை செய்யும்போது நான் கேட்பது அது ஒன்றுதான். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே?" என்றாராம். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அப்பா பேனாவை எடுத்து அடித்ததைத் திரும்ப எழுதினார். கிரிக்கெட்டில் ஒன்று போயிற்று.

பாட்டை எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது? நாங்கள் விசாரித்தவற்றுள் எங்களைத் திடுக்கிட வைத்தது இதுவே. 1977-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால், படத்துக்காக எழுதப்பட்ட பாட்டின் உரிமை தயாரிப்பாளரையே சேரும். ஆகவே ஒரு பாட்டு எத்தனை ஆயிரம் முறை ஒலித்தாலும் எழுதிய கவிஞருக்கும் இசையமைத்தவருக்கும் முதலில் வாங்கிய தொகையோடு சரி. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் பங்குத்தொகையைக் கவிஞரும் இசையமைப்பாளரும் தாங்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று விதி வந்தது. அதற்கு முன்பு எழுதிவிட்டு மறைந்தவர்களை நினைத்தால் வருத்தமாயிருக்கிறது.

பாட்டு அலைவரிசைகளில் வரும் ஆட்டங்களைப் பற்றி அருட்சகோதரியரும் பெற்றோரும் கவலைப்படுவது எங்களுக்குத் தெரியும். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் நிகழ்ச்சிகளுக்கு விதிமுறைகள் உண்டு. ஆனாலும் நள்ளிரவில் பார்க்கத் தக்கதல்லாதது மாலை ஆறு மணிக்கும் வந்துவிடுகிறது. பாட்டியோ அப்போதெல்லாம் எழுந்து திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். "பாட்டு நன்றாயிருக்கிறது, நான் ஏன் அணைக்கவேண்டும்?" என்பார்கள். இதைவிட நல்ல வழி எங்களுக்கும் தோன்றவில்லை.

2011 நவம்பரில் '3' படத்தின் 'கொலவெறி' பாட்டு யூடியூபில் வந்து சில நாட்களில் உலகெங்கும் பரவியபோதே காற்று மாறிவிட்டது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' சினிமாவே இல்லாமல், இணையத்தின் வழியாகவே வீடு வீடாகப் போயிற்று. 2018-இல் சானல் வி இந்தியாவில் மூடப்பட்டது. எங்கள் வகுப்பில் விசாரித்தோம்: பாட்டு வேண்டுமென்றால் பெரும்பாலோர் செல்பேசியைத்தான் எடுக்கிறார்கள். அதில் வேண்டிய பாட்டு வேண்டிய நேரத்தில் வரும். நாம் கேளாத பாட்டு வருவது குறைவு. வீட்டில் எல்லாரும் ஒரே பாட்டைக் கேட்பதும் குறைந்துவிட்டது.

கட்டுரையைக் கொடுப்பதற்கு முதல் நாள் தோழியின் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். கூடத்தில் தாத்தா பாட்டுச் சானலை வைத்திருந்தார். படகு இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்து இருந்து அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சத்தம் தெருவரை கேட்கும். பழைய பாட்டு ஒன்று வந்தது. உள்ளிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். "இதுதானா?" என்று தோழி கேட்டாள். அம்மா தலையசைத்தார். தாத்தா எங்கள் பக்கம் திரும்பி, "இதை என் மகள் எனக்காகப் போடச் சொன்னாள், தெரியுமா?" என்று, இருபதாம் தடவையாக, சொல்லத் தொடங்கினார்.